25 ஆண்டுக்கு ஒரே கையெழுத்து: தனியார் காற்றாலை, சூரிய மின் திட்டங்களில் ஊழல் எங்கே நுழைகிறது?

நிலக்கரி மின்நிலையத்தில் ஊழல் எங்கே நடக்கும் என்று கேட்டால் பலரும் சட்டென்று பதில் சொல்லிவிடுவார்கள். இறக்குமதி விலையைக் கூட்டிக் காட்டுவது, மட்டமான கரியை உயர்ந்த ரகம் என்று பில் போடுவது, எடையில் அடிப்பது. எரிபொருளை அன்றாடம் வாங்க வேண்டியிருப்பதால் அன்றாடம் திருடவும் வழி இருக்கிறது. காற்றுக்கும் வெயிலுக்கும் யாரும் பில் போட முடியாது. அதனால் பசுமை மின்சாரம் என்றாலே சுத்தமான தொழில் என்ற நம்பிக்கை பரவியிருக்கிறது.

அந்த நம்பிக்கை பாதிதான் சரி. எரிபொருளில் நடக்கும் திருட்டு இங்கே கிடையாது. ஆனால் காற்றாலையிலும் சூரிய மின் பூங்காவிலும் மொத்தப் பணமும் வேலை தொடங்கும் முன்பே நாலைந்து காகிதங்களில் முடிவாகிவிடுகிறது. நிலப் பத்திரம், சுற்றுச்சூழல் அனுமதி, மின்தொகுப்போடு (கிரிட்) இணைப்பதற்கான அனுமதி, எல்லாவற்றுக்கும் மேலாக மின்சாரத்தை யார் என்ன விலைக்கு வாங்குவார் என்ற ஒப்பந்தம். அதில் ஒரு கையெழுத்து விழுந்துவிட்டால் 20, 25 ஆண்டுக்கு நிற்கும். ஆட்சி மாறினாலும், கையெழுத்துப் போட்ட அதிகாரி ஓய்வு பெற்றுப் போனாலும், மாதாமாதம் பணம் போய்க்கொண்டே இருக்கும். ஊழல் சுற்றிச் சுற்றி வருவது இந்தக் கையெழுத்தைத்தான். இதைப் புரிந்துகொள்ள மின்பொறியியல் தெரிய வேண்டாம். ஒரு திட்டம் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் போதும்.

கோபுரம் எழும் முன்பு நடப்பவை

ஒரு தனியார் நிறுவனம் 100 மெகாவாட் காற்றாலை அமைக்க நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் உயரமான கம்பம் நட்டு ஓராண்டோ இரண்டாண்டோ காற்றை அளப்பார்கள். அப்புறம் நிலம். விலைக்கு வாங்கலாம், குத்தகைக்கு எடுக்கலாம், அரசு நிலத்தைக் கேட்டுப் பெறலாம். பக்கத்துத் துணைமின் நிலையத்தில் 100 மெகாவாட்டை ஏற்றுக்கொள்ள இடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் காற்று எவ்வளவு அடித்தும் பயனில்லை. சுற்றுச்சூழல், விமானப் போக்குவரத்து, ஊராட்சி என்று அனுமதிகள் தனி. கடைசியாக மின்சாரத்தை வாங்க ஆள் வேண்டும். நம் பக்கம் பெரும்பாலும் அது மாநில மின்வாரியம்தான். அதனோடு போடுவது மின்கொள்முதல் ஒப்பந்தம், இந்தத் தொழிலில் இருப்பவர்கள் பேச்சில் பிபிஏ.

பிபிஏ கையில் இருந்தால்தான் வங்கி கடன் தரும். ஏனென்றால் அது வெறும் விற்பனைச் சீட்டு இல்லை, 25 ஆண்டு வருமானத்துக்கான உறுதி. பிபிஏ இல்லாத காற்றாலைத் திட்டம் ஒரு கோப்பு மட்டும்தான். பிபிஏ வந்த மறுநாளே அந்தக் கோப்புக்குக் கோடிக்கணக்கில் மதிப்பு வந்துவிடும். இடையில் ஒரு செங்கல்கூட வைக்க வேண்டியதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் இதன் கனம் புரியும். 100 மெகாவாட் காற்றாலை முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு லட்சம் யூனிட். ஆண்டுக்கு 8,760 மணி நேரம். காற்று எப்போதும் ஒரே மாதிரி அடிக்காது, அதனால் திறனில் 35 சதவீதம்தான் கிடைக்கிறது என்று கொள்வோம். ஆண்டுக்கு ஏறக்குறைய 30 கோடி யூனிட் வரும். ஒப்பந்த விலை யூனிட்டுக்கு ஒரு ரூபாய் கூடுதலாகப் போனால் ஆண்டுக்கு 30 கோடி ரூபாய், 20 ஆண்டில் 600 கோடி. சரி, ஒரு ரூபாய் வேண்டாம், 25 காசு மட்டும் கூடுகிறது என்றால்? அதுவே 150 கோடி. இதற்காக யாரோ ஒருவருக்கு ஐந்து கோடி கொடுப்பது அந்த நிறுவனத்துக்குச் செலவே இல்லை. 25 காசு உயர்வு நம் மின்கட்டண ரசீதில் கண்ணுக்கே தெரியாது. இவ்வளவு பெரிய தொகை இவ்வளவு சின்ன எண்ணுக்குள் ஒளிந்துகொள்ள முடிவதுதான் இந்தத் துறையின் அடிப்படைச் சிக்கல்.

விலையை யார் முடிவு செய்கிறார்கள்?

மூன்று வழிகள் உண்டு. ஒழுங்குமுறை ஆணையம் ஒரு விலையை அறிவிக்கும், அந்த விலைக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். அல்லது ஏலம் விட்டு, குறைந்த விலை கேட்பவருக்குத் தரலாம். அல்லது ஒரு நிறுவனம் தானாக வந்து திட்டத்தை முன்வைக்க, அரசு அதனோடு மட்டும் உட்கார்ந்து பேசி முடிக்கலாம்.

முதல் வழிக்குத் தமிழ்நாட்டிலேயே எடுத்துக்காட்டு உண்டு. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் அதானி குழுமம் கட்டிய 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016இல் முழுமையாக இயங்கத் தொடங்கியபோது உலகிலேயே பெரியவற்றில் ஒன்று. அதற்கான ஒப்பந்தம் 2015 ஜூலையில் கையெழுத்தானது, யூனிட்டுக்கு 7.01 ரூபாய். அது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயித்த விலை. அதே மாதம் மத்தியப் பிரதேசத்தில் நடந்த ஏலத்தில் விலை 5.05 ரூபாய் வரை இறங்கியது. 2017இல் தமிழ்நாடே 1,500 மெகாவாட்டுக்கு ஏலம் விட்டபோது வந்த விலை 3.47 ரூபாய். சூரியத் தகடுகளின் விலை அந்த இரண்டு ஆண்டில் மளமளவென்று சரிந்ததும் இதற்கு ஒரு காரணம், அதை மறைக்கக் கூடாது. 7.01 ரூபாயை லஞ்சத்தின் விளைவு என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை, நான் அப்படிச் சொல்லவும் இல்லை. எதிர்க்கட்சிகள் அன்று கேள்வி எழுப்பின, அரசு ஆணையத்தின் விலையைக் காட்டியது.

கவனிக்க வேண்டியது வேறு. அந்த 7.01 ரூபாய்க்கு ஒரு கெடு இருந்தது. 2016 மார்ச் 31க்குள் மின்சாரம் வந்தால் அந்த விலை, தவறினால் அடுத்து அறிவிக்கப்பட்ட 5.10 ரூபாய். ஒரே சூரியத் தகடு, ஒரே வெயில், ஆனால் ஒரு நாள் வித்தியாசத்தில் யூனிட்டுக்கு 1.91 ரூபாய் மாறுகிறது. இப்படி ஒரு கெடு இருக்கும்போது துணைமின் நிலைய இணைப்பை முதலில் யாருக்குத் தருவது, "இன்று இயங்கத் தொடங்கியது" என்ற சான்றிதழை யார் எழுதுவது என்பதெல்லாம் சாதாரண அலுவலக வேலை அல்ல. ஒரு கோட்டப் பொறியாளரின் மேசையில் இருக்கும் ஒரு தேதி, நூறு கோடி ரூபாய்க் கேள்வியாகிவிடுகிறது. கமுதியிலும் எவ்வளவு திறன் கெடுவுக்குள் வந்தது என்பது பின்னால் வழக்காகவே போனது. எங்கே பெரிய பணம் ஒரு தனி மனிதரின் கையெழுத்தில் தொங்குகிறதோ, எங்கே அவருடைய முடிவை வேறு யாரும் சரிபார்க்க முடியாதோ, அங்கே ஊழல் நடக்க வாய்ப்பு அதிகம். ஊழல் அபாயம் என்பது இதைத்தான். ஊழல் நடந்தது என்பதும் நடக்க வழி திறந்து கிடக்கிறது என்பதும் ஒன்றல்ல. முதலாவதை நீதிமன்றம்தான் சொல்ல முடியும், இரண்டாவதை நாமே பார்த்துச் சொல்லலாம்.

மன்னார்: ஏலம் இல்லாத ஒப்பந்தம்

மூன்றாவது வழிக்கு, அதாவது ஒரே நிறுவனத்தோடு பேசி முடிப்பதற்கு, இலங்கையின் மன்னாரைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம்.

மன்னார் தீவின் தென்கரையில் இலங்கை மின்சார சபையே அமைத்த தம்பபவனி காற்றாலை 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனில் கட்டப்பட்ட, ஏறக்குறைய 100 மெகாவாட் திட்டம் அது. அங்கே காற்று எவ்வளவு நன்றாக அடிக்கிறது என்பது அதிலேயே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அடுத்த ஆண்டு அக்டோபரில் கௌதம் அதானி கொழும்புக்கு வந்து ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்சவைச் சந்தித்தார். 2022 மார்ச்சில் மன்னாரிலும் பூநகரியிலும் காற்றாலைகள் அமைக்கப் புரிந்துணர்வு ஒப்பந்தம் ஆனது. ஏலம் எதுவும் விடப்படவில்லை. இது அரசுக்கும் அரசுக்கும் இடையிலான ஏற்பாடு என்று காரணம் சொல்லப்பட்டது. ஆனால் முதலீடு செய்யவும் லாபம் எடுக்கவும் வந்தது ஒரு தனியார் நிறுவனம்.

2022 ஜூன் 9ஆம் தேதி இலங்கை நாடாளுமன்றம் மின்சாரச் சட்டத் திருத்தத்தை 120க்கு 36 என்ற வாக்குகளில் நிறைவேற்றியது. 10 மெகாவாட்டுக்கு மேற்பட்ட திட்டங்களுக்குப் போட்டி ஏலம் கட்டாயமாக இருக்க வேண்டும் என்று எதிர்க்கட்சியான ஐக்கிய மக்கள் சக்தி கேட்டது, ஏற்கப்படவில்லை. மறுநாள், ஜூன் 10ஆம் தேதி, மின்சார சபைத் தலைவர் எம்.எம்.சி. ஃபெர்டினாண்டோ அரசு நிறுவனங்களை விசாரிக்கும் நாடாளுமன்றத்தின் கோப் குழு முன்னால் உட்கார்ந்து, இந்தத் திட்டத்தை அதானி குழுமத்துக்குத் தருமாறு இந்தியப் பிரதமர் வற்புறுத்துவதாக ஜனாதிபதி தன்னிடம் சொன்னார் என்று சாட்சியம் அளித்தார். ஜனாதிபதி உடனே மறுத்தார். ஃபெர்டினாண்டோவும் அடுத்த நாளே, உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லிவிட்டேன் என்று வார்த்தைகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஒரு சில நாளில் பதவியிலிருந்தும் விலகிவிட்டார். அவர் முதலில் சொன்னது உண்மையா, பின்னால் சொன்னது உண்மையா என்று தீர்ப்புச் சொல்ல நமக்கு வழியில்லை. லஞ்சம் கைமாறியது என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை.

2024 மே மாதம் அமைச்சரவை விலையை ஒப்புக்கொண்டது. யூனிட்டுக்கு 8.26 அமெரிக்க சென்ட், 20 ஆண்டுக்கு. மன்னாரும் பூநகரியும் சேர்ந்து 484 மெகாவாட். முன்பு போட்ட அதே கணக்கைப் போட்டால், இங்கே விலையில் ஒரு சென்ட் கூடினால் அல்லது குறைந்தால் 20 ஆண்டில் ஏறக்குறைய 30 கோடி டாலர். கடன் கட்ட முடியாமல் 2022இல் நொடித்துப்போன ஒரு நாட்டுக்கு இது சின்னத் தொகை அல்ல. மன்னாரிலேயே 50 மெகாவாட் காற்றாலைக்கு நடந்த போட்டி ஏலத்தில் ஹேலீஸ் குழும நிறுவனம் 4.65 சென்ட் கேட்டு வென்றது.

எதிர்த்தரப்பு வாதத்தையும் சொல்ல வேண்டும். நெருக்கடியில் இருந்த நாட்டில் முதலீடு செய்ய யார் வருவார்கள், வருபவர் அந்த ஆபத்துக்கு விலை கேட்கத்தானே செய்வார் என்றார்கள். இருக்கலாம். 8.26 சென்ட் நியாயமான விலையாகக்கூட இருந்திருக்கலாம். ஆனால் அதைத் தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழி இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டு விலை கேட்பது. அந்த வழியைத்தான் அடைத்துவிட்டார்கள். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு விலை இல்லாத இடத்தில் நேர்மையான அதிகாரிகூடத் தன் நேர்மையை நிரூபிக்க முடியாது. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் உறுத்துவது அதுதான்.

மத்திய ஆசியாவிலிருந்து பறவைகள் வலசை வரும் பாதையில் மன்னார் இருப்பதால் சூழல் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போயின. மீனவர்களுக்குத் தங்கள் கடற்கரையைப் பற்றிய கவலை. ஆட்சி மாறியது. அனுர குமார திசாநாயக்க அரசு பழைய விலை ஒப்புதலை ரத்து செய்து, 6 சென்ட்டுக்குக் கீழே வர வேண்டும் என்றது. 2025 பிப்ரவரியில் அதானி நிறுவனம் திட்டத்திலிருந்து விலகிக்கொண்டது. மூன்று ஆண்டு இழுபறிக்குப் பிறகு அந்தத் திட்டத்தில் ஒரு காற்றாடிகூட எழவில்லை. மூடிய அறையில் பேசி முடித்தால் வேலை சீக்கிரம் நடக்கும் என்பார்கள். இங்கே நடந்தது அதற்கு நேர் எதிர்.

ஏலம் விட்டால் மட்டும் போதுமா?

போதாது. இதற்கு இந்தியாவிலிருந்தே ஒரு வழக்கைப் பார்க்கலாம்.

இந்திய சூரிய ஆற்றல் கழகம், சுருக்கமாக செகி, ஒன்றிய அரசின் நிறுவனம். அது ஏலம் விட்டு உற்பத்தியாளரிடம் மின்சாரம் வாங்கி, யூனிட்டுக்கு 7 காசு வைத்து மாநிலங்களுக்கு விற்கும். 2019இல் அது விட்ட பெரிய ஏலத்தில், சூரியத் தகடு தொழிற்சாலையும் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு, அதானி கிரீன் 8,000 மெகாவாட்டும் அசூர் பவர் 4,000 மெகாவாட்டும் பெற்றன. விலை 2.92 ரூபாய். ஏலம் முடிந்தது, ஆனால் வாங்க மாநிலங்கள் முன்வரவில்லை. காரணம் எளிது. 2020 நவம்பர், டிசம்பரில் நடந்த வேறு ஏலங்களில் விலை 2 ரூபாய்க்கும் 1.99 ரூபாய்க்கும் இறங்கிவிட்டது. 2.92 கொடுத்து யார் வாங்குவார்?

இந்த முட்டுக்கட்டையை உடைக்கத்தான் மாநில அதிகாரிகளுக்கு லஞ்சம் தர ஏற்பாடு நடந்தது என்பது 2024 நவம்பரில் நியூயார்க்கில் அமெரிக்க அரசு வழக்கறிஞர்கள் வெளியிட்ட குற்றப்பத்திரிகையின் சாரம். மொத்தம் ஏறக்குறைய 2,029 கோடி ரூபாய் தர வாக்களிக்கப்பட்டது, அதில் 1,750 கோடி ஆந்திராவின் ஒரு உயர் பதவியாளருக்கு என்று அது சொல்கிறது. ஆந்திரா 7,000 மெகாவாட் வாங்க ஒப்புக்கொண்டது. அதானி குழுமம் இந்தக் குற்றச்சாட்டுகளை ஆதாரமற்றவை என்று மறுத்துள்ளது. ஒப்பந்தம் போட்டபோது ஆந்திர முதல்வராக இருந்த ஜெகன் மோகன் ரெட்டியும் மறுத்தார். செகியோடு ஒப்பந்தம் போட்ட மாநிலங்களின் பட்டியலில் தமிழ்நாடும் இருந்தது. தமிழக மின்துறை அமைச்சராக இருந்த செந்தில் பாலாஜி, எங்கள் ஒப்பந்தம் செகியோடுதான், அதானி நிறுவனத்தோடு வணிகத் தொடர்பு இல்லை என்றார்.

இந்தியாவில் நடந்ததற்கு அமெரிக்காவில் ஏன் வழக்கு என்று பலரும் கேட்டார்கள். அதானி கிரீன் கடன் பத்திரங்கள் வழியாக அமெரிக்க முதலீட்டாளர்களிடமும் பணம் திரட்டியிருந்தது. அசூர் பவர் அப்போது நியூயார்க் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டிருந்த நிறுவனம். எங்கள் நிறுவனத்தில் லஞ்சம் கிடையாது என்று முதலீட்டாளரிடம் பொய் சொல்வது அந்த நாட்டுச் சட்டப்படி குற்றம். அதுதான் காரணம்.

குற்றச்சாட்டுகள் நிற்குமா விழுமா என்பது தனி விஷயம். இந்தத் துறையைப் புதிதாகப் படிப்பவர்களுக்கு அதிலிருந்து இரண்டு பாடம் உண்டு. ஏலம் ஒரு கட்டத்தில் திறந்த முறையில் நடந்தாலும், அடுத்த கட்டமான விற்பனை ஒப்பந்தம் அறைக்குள் பேசி முடிக்கப்படலாம். உற்பத்தியாளருக்கும் மாநிலத்துக்கும் நடுவில் ஒரு அரசு நிறுவனம் நின்றால், ஒவ்வொருவரும் மற்றவரைக் கைகாட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். இன்னொன்று, லஞ்சம் என்றால் சூட்கேஸ் பணம் என்று மட்டும் நினைத்துத் தேடக் கூடாது. அசூர் தன் பங்கு லஞ்சத் தொகையை ஈடுகட்ட, தன்னிடமிருந்த 2,300 மெகாவாட் ஒதுக்கீட்டை விட்டுக்கொடுத்து அது அதானியிடம் போகும்படி செய்தது என்று குற்றப்பத்திரிகை சொல்கிறது. அதாவது ஒப்பந்தமே ஒருவகைப் பணமாகக் கைமாறியது என்கிறார்கள்.

கையெழுத்துப் போடாமல் இருப்பதும் ஓர் ஆயுதம்தான். தென்னாப்பிரிக்கா 2011இல் தொடங்கிய புதுப்பிக்கத்தக்க மின்சார ஏலத் திட்டம் உலகம் முழுக்கப் பாராட்டப்பட்டது. விலை சுற்றுக்குச் சுற்று இறங்கியது. ஆனால் அங்கே அரசு அதிகாரம் தனியார் கைக்குப் போய்விட்டது என்று பின்னால் விசாரணைக்கு உள்ளான காலத்தில், அரசு மின்நிறுவனமான எஸ்காம், ஏலத்தில் வென்ற 27 திட்டங்களின் ஒப்பந்தங்களில் கையெழுத்திட மறுத்து ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தது. 2018 ஏப்ரலில்தான் கையெழுத்தானது.

நிலமும் அனுமதியும்

கென்யாவின் வடக்கே துர்க்கானா ஏரிக்கரையில் 365 காற்றாடிகள் கொண்ட 310 மெகாவாட் காற்றாலை இருக்கிறது. காற்றாலை நிற்கும் பரப்பு ஏறக்குறைய 40,000 ஏக்கர். நிறுவனத்துக்குக் கிடைத்த பட்டாவோ 1,50,000 ஏக்கருக்கு. அந்த நிலம் சம்புரு, ரெண்டில்லே, துர்க்கானா போன்ற மேய்ச்சல் சமூகங்கள் காலங்காலமாக ஆடுமாடு மேய்த்து வந்த பொதுநிலம். மக்கள் வழக்குப் போட்டார்கள். பட்டா வழங்கியதில் சட்டப்படியான நடைமுறை பின்பற்றப்படவில்லை, அது செல்லாது என்று 2021 அக்டோபரில் மேருவில் உள்ள நில நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குள் காற்றாலை ஓடத் தொடங்கி ஆண்டுகள் ஆகிவிட்டன.

நம் ஊரில் கதை வேறு மாதிரி. ஆரல்வாய்மொழி, கயத்தாறு, பல்லடம், உடுமலை என்று காற்று அடிக்கும் பகுதி எங்கேயும் நிலத் தரகர்தான் முதலில் வருவார். எந்த நிறுவனத்துக்காக என்று சொல்ல மாட்டார். மானாவாரி நிலத்தை அந்த விலைக்கே பேசி முடிப்பார். நாலு கை மாறி நிறுவனத்திடம் போகும்போது விலை பல மடங்கு. இதில் பெரும்பகுதி சட்டப்படி குற்றம் இல்லை. குற்றம் ஆவது எப்போதென்றால், எந்த இடத்தில் துணைமின் நிலையம் வரப்போகிறது என்ற தகவல் அலுவலகத்திலிருந்து முன்கூட்டியே தரகரிடம் போகும்போது. அல்லது ஓடைப் புறம்போக்கும் வண்டிப்பாதையும் பட்டாவுக்குள் நுழையும்போது. அல்லது இறந்துபோனவர் பெயரில் பவர் பத்திரம் (பொது அதிகாரப் பத்திரம்) பதிவாகும்போது.

அனுமதிகளை வைத்தே வியாபாரம் செய்வதற்கு இத்தாலியின் சிசிலித் தீவைச் சொல்லலாம். விட்டோ நிகாஸ்த்ரி என்பவர் அடிப்படையில் எலக்ட்ரீஷியன். இத்தாலிய ஊடகங்கள் அவருக்கு வைத்த பெயர் காற்றின் அரசன். நிலத்தைச் சேர்ப்பார், உள்ளூர் அனுமதி அத்தனையும் வாங்குவார், தயார் நிலையில் உள்ள திட்டமாக வெளியூர் நிறுவனங்களுக்கு விற்றுவிடுவார். மாஃபியாவோடு, குறிப்பாகப் பல ஆண்டுகள் தலைமறைவாக இருந்து 2023இல் பிடிபட்ட மத்தேயோ மெசினா தெனாரோவோடு, தொடர்பு உண்டு என்று சொல்லி இத்தாலி நீதிமன்றம் 2013இல் அவருடைய 130 கோடி யூரோ சொத்தைப் பறிமுதல் செய்தது. அவரிடம் திட்டங்களை வாங்கிய பெரிய நிறுவனங்கள், வேறு யாருக்கும் கிடைக்காத அனுமதி இவருக்கு மட்டும் எப்படி இவ்வளவு வேகமாகக் கிடைக்கிறது என்று கேட்டிருக்க வேண்டும். உள்ளூர்ப் பங்காளி, ஆலோசகர், ஒருங்கிணைப்பாளர் என்று எந்தப் பெயரில் வந்தாலும் சரி, அவர் செய்யும் வேலை என்ன, அதற்கு ஏன் இவ்வளவு கட்டணம் என்று விளக்க முடியவில்லை என்றால் அங்கேதான் தோண்ட வேண்டும்.

வரிச்சலுகைகளிலும் மோசடி உண்டு. அமெரிக்காவில் டிசி சோலார் என்ற நிறுவனம் டிரெய்லரில் வைத்த சூரிய ஜெனரேட்டர்களை முதலீட்டாளர்களுக்கு விற்றது. வாங்கியவர்களுக்கு 30 சதவீத வரிச்சலுகை. ஆயிரக்கணக்கில் விற்றதாகக் காட்டிய ஜெனரேட்டர்களில் குறைந்தது பாதி உலகத்திலேயே இல்லை. நிறுவனரான ஜெஃப் கார்பாஃபுக்கு 2021இல் 30 ஆண்டு சிறை. மானியத்தை உற்பத்தியான யூனிட்டுக்குத் தராமல், காகிதத்தில் காட்டும் விலைக்குத் தந்தால் இப்படித்தான் ஆகும்.

திட்டம் ஓடத் தொடங்கிய பிறகு

எல்லாம் முடிந்து மின்சாரம் வரத் தொடங்கிய பிறகும் இரண்டு சின்ன வாசல்கள் திறந்தே இருக்கும். சுவிட்சும் பில்லும்.

மின்தேவை குறையும்போது யாருடைய உற்பத்தியை நிறுத்தச் சொல்வது என்று மாநில மின்சுமைப் பகிர்வு மையம் முடிவு செய்யும். சூரிய மின்சாரத்தை மின்தொகுப்பின் பாதுகாப்புக்காக மட்டுமே நிறுத்தலாம் என்பது விதி. தமிழ்நாட்டில் அப்படி அல்லாமல் நிறுத்தினார்கள் என்று உற்பத்தியாளர்கள் தொடுத்த வழக்கில், 2021 ஆகஸ்ட்டில் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அவர்களுக்கு இழப்பீடு தரச் சொன்னது. அங்கே லஞ்சம் பற்றிய பேச்சு இல்லை. மலிவான மின்சாரத்துக்கு வழிவிட்டதாக வைத்துக்கொண்டாலும், காரணத்தைப் பதிவு செய்யாமல் ஒருவருடைய ஆலையை நிறுத்தவும் இன்னொருவருடையதை ஓடவிடவும் முடிகிறது என்றால், நாளை அந்த அதிகாரத்துக்கும் ஒரு விலை முளைக்கும். பில் விஷயமும் அப்படியே. மின்வாரியம் காற்றாலைகளுக்கு மாதக்கணக்கில் பாக்கி வைத்திருந்த காலத்தில், யாருடைய பில் முதலில் பாஸ் ஆகும் என்ற வரிசை மிகவும் மதிப்புள்ளதாக இருந்தது. "கொஞ்சம் கவனிச்சுக்குங்க" என்ற வார்த்தை இந்த மாதிரி வரிசைகளில்தான் பிறக்கிறது. வரிசையைத் தேதிவாரியாக இணையத்தில் போட்டுவிட்டால் அந்த வார்த்தைக்கு வேலை இல்லை. இது செலவே இல்லாத சீர்திருத்தம்.

நாம் எதைக் கேட்கலாம்?

இதையெல்லாம் படித்துவிட்டு, அப்படியானால் நிலக்கரியே மேல் என்று யாராவது நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். ஏலத்தில் வரும் சூரிய மின்சாரம் இன்று மலிவு, அது நமக்குத் தேவை, அவசரமாகத் தேவை. அந்த அவசரத்தைக் காட்டியே ஏலத்தையும் பொதுவிசாரணையையும் தள்ளிவைக்கச் சொல்பவர்களைத்தான் நம்பக் கூடாது.

உங்கள் பகுதியில் ஒரு திட்டம் வருகிறது என்றால் முதலில் விலை எப்படி முடிவானது என்று பாருங்கள். ஏலமா, ஆணையத்தின் விலையா, தனிப்பேச்சா? தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவுகள் அதன் இணையதளத்தில் கிடைக்கும். விலை நிர்ணயத்துக்கு முன் பொதுமக்களிடம் கருத்துக் கேட்பார்கள், யார் வேண்டுமானாலும் எழுதலாம். இலங்கையில் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவும் அப்படிக் கருத்துக் கேட்பதுண்டு. விலை தெரிந்ததும் அதே ஆண்டில் பக்கத்து மாநிலத்திலோ நாட்டிலோ வந்த ஏல விலையோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் அதற்குக் காரணம் இருக்கலாம், அந்தக் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். ஒப்பந்தம் முழுவதையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். வணிக ரகசியம் என்று மறுத்தால் மேல்முறையீடு செய்யலாம். வாங்குபவர் அரசு நிறுவனம், பணம் கட்டுவது நுகர்வோர் எனும்போது விலை ரகசியமாக இருக்க வேண்டியதில்லை.

அப்புறம், ஒப்பந்தம் பெற்ற நிறுவனம் எப்போது பதிவு செய்யப்பட்டது, அதன் இயக்குநர்கள் யார் என்பதையும் பாருங்கள். கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் அடிப்படை விவரம் கிடைக்கும். ஒவ்வொரு திட்டத்துக்கும் தனி நிறுவனம் தொடங்குவது இந்தத் தொழிலில் வழக்கம், அதனால் புது நிறுவனம் என்பதே சந்தேகம் ஆகாது. அதன் பின்னால் உள்ள உண்மையான உரிமையாளர் யார் என்று கண்டுபிடிக்க முடியாமல் போனால்தான் சந்தேகம்.

நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டு உங்களிடமே ஆள் வந்தால், தரகரிடம் பேசி முடிக்காமல் நிறுவனத்தின் பெயர் போட்ட வரைவைத் தமிழில் கேட்டு வாங்குங்கள். குத்தகைக் காலம் எத்தனை ஆண்டு, ஆண்டுக்கு எவ்வளவு உயர்வு, உங்களைக் கேட்காமல் இன்னொரு நிறுவனத்துக்கு உள்குத்தகை விட முடியுமா, காலம் முடிந்தபின் கோபுரத்தையும் கான்கிரீட் அடித்தளத்தையும் யார் செலவில் அகற்றுவார்கள் என்ற நான்கையும் பத்திரத்தில் தேடுங்கள். அந்த வரிகள் இல்லாத பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டாம்.